கடைசியில் நடப்பவள்

அக்கா போட்டிருந்த கோட்டைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள்.

இழுக்கவில்லை. சும்மா பிடித்தார்கள். நடை பழகுகிற பிள்ளை அம்மாவின் துணியைப் பிடிக்குமே, அந்தக் கனம்தான் இருந்தது. அவளுக்கு முன்னால் மூன்று பேர், ஒருவர் கோட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாட்டும் இளிப்புமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள்தான் கடைசி. அவளுக்குப் பின்னால் பிடிப்பதற்கு ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி அது. நடனக் கூடத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழி வாய்க்கால் கரையோடு வரும். குளிர் இறங்கிவிட்டால் தண்ணீரிலிருந்து பனி கிளம்பி, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றின மாதிரி அப்படியே நிற்கும். நீட்டின கை நமக்கே தெரியாது. கரைக்குத் தடுப்பும் இல்லை. போன குளிரில் மாப்பிள்ளை குடித்துவிட்டு இடுப்பு வரை உள்ளே போய் வந்தான். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. வாரத்துக்கு ஒருவர் குடிக்காமல் காவல் இருக்க வேண்டும். திரும்பும்போது ரயில் மாதிரி கோட்டைப் பிடித்து நடக்க வேண்டும். காவல் கடைசிப் பெட்டி. விளக்குக் கம்பம் வந்ததும் எல்லாரும் நின்று, முன்னாலிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று குரல் கொடுக்க வேண்டும். காவல் ‘நாலு’ சொன்ன பிறகுதான் அடுத்த அடி.

வெளிநாட்டில் ஒரே வீட்டில் தங்கிப் படிக்கிற இவர்களுக்கு இந்தச் சட்டம் போட்டது வக்கீல். சட்டம் படிக்கிறவன், பாத்திரம் கழுவுவதற்கும் சட்டம் போடுவான். மாப்பிள்ளையின் நிஜப் பெயரை எல்லாரும் மறந்தாயிற்று. ஊரில் பெண் பார்த்து முடிவாகிவிட்டது, வருகிற வாரம் கிளம்புகிறான். இந்த வாரக் கூத்தெல்லாம் அவனுக்காகத்தான். மூன்றாவது ஆள் தங்கச்சி, அக்காவின் கூடப்பிறந்தவள், இந்தப் பருவம்தான் படிக்க வந்தாள். விமான நிலையத்தில் அம்மா அழவில்லை. “உன்ன நம்பித்தான் அனுப்புறேன்” என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் அக்காவுக்கு இத்தனை பாரம் இருந்திருக்காது.

கம்பம் வந்தது. எண்ணினார்கள். “நாலு” என்றாள் அக்கா. பின்னால் பிடித்திருந்தது விட்டது. அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து விட்டது போல.

முள்செடி மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கரையில் முள்செடி இல்லை என்பதையும் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் கோட்டைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். படிப்பு நேரம் போக அவள் விடுதி ஒன்றின் சலவை அறையில் விரிப்பு மடிக்கிறவள். எந்தச் சுருக்கம் எப்படி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். உட்கார்ந்தால் விழுகிற சுருக்கம் வேறு, பிழிந்தால் விழுகிறது வேறு. கோட்டின் பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, ஒரு கைப்பிடி அளவு துணி நனைந்து கசங்கியிருந்தது. அடியில் ஒரு கோடு, மேலே நான்கு. முகர்ந்து பார்த்தாள். அடைத்துக் கிடக்கிற சாக்கடைத் தொட்டியைத் திறந்தால் முதலில் ஒரு காற்று வருமே, அந்த வாடை.

சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி எழுந்து வந்து வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. வெள்ளிக்கிழமை கூடத்தில் பாட்டுக்கு மேலே கத்தினதில் தொண்டை கட்டிவிட்டது. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கைகளை விரித்து, தானே சிரித்தாள். சிரிப்புக்கும் சத்தம் இல்லை.

“அப்பாடா, இந்த வீட்ல இன்னைக்குத்தான் கொஞ்சம் நிம்மதி” என்றான் மாப்பிள்ளை. தங்கச்சி தலையணையை எடுத்து எறிந்தாள்.

அக்கா கோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். வக்கீல் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சாட்சி இருக்கா?”

“எனக்குப் பின்னாடி எங்கடா சாட்சி?”

“அப்ப கேஸ் நிக்காது அக்கா.”

“இத்தன வருஷத்துக்கு இப்பத்தான் ஒருத்தன் உன் பின்னாடி வந்திருக்கான், அவனையும் வெரட்டாத” என்றான் மாப்பிள்ளை.

“வெளயாடாத. இன்னைக்கு வீட்லயே இருந்துருவோம்டா.”

“அக்கா, எனக்கு இதான் கடைசி சனிக்கிழம. ஊருக்குப் போனா மாலையப் போட்டு வெட்டப்போறாங்க. ஆட்டுக்குக்கூட ஒரு நாள் நல்லாத் தீனி போடுவாங்கல்ல?”

தங்கச்சி அக்காவின் முகவாயைப் பிடித்துக் கண்ணால் கெஞ்சினாள். அந்தக் கண்ணுக்கு அக்கா எப்போதுமே தோற்றுப்போகிறவள். சரி என்றாள். ஒரு ராத்திரிதானே. வக்கீல் உடனே சட்டத்தைத் திருத்தினான்: மூன்றாவது ஆள் குரலுக்குப் பதில் கை தட்டவும்.

கூடத்தில் அக்கா சுவரோரம் பழச்சாறோடு உட்கார்ந்தாள். மேளம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. வியர்வையும் சிந்தின மதுவும் வாசனைத் தைலமும் சேர்ந்து புளித்து ஒரு கனமாகத் தொங்க, இயந்திரம் கக்குகிற புகையில் சிவப்பு விளக்கும் நீல விளக்கும் மாறி மாறிப் பாய, அத்தனை தலைகளுக்கு நடுவில் தங்கச்சியின் மஞ்சள் கோட்டை மட்டும் அவள் கண் பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றி வை என்றால் கேட்கமாட்டாள், புதுக் கோட்டு. தங்கச்சி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் புகையில் இன்னொரு கை எழுந்தது. தங்கச்சி இடது பக்கம் சாய்ந்தாள். கொஞ்சம் பொறுத்து, பின்னால் இருந்ததும் சாய்ந்தது. பாட்டின் வரிக்குத் தங்கச்சி சத்தமில்லாத வாயை அசைத்தாள். பின்னால் இருந்த தலை முன்னுக்கு வந்து, அவள் வாயையே பார்த்தது. பள்ளிப் பிள்ளை கரும்பலகையைப் பார்க்கிற மாதிரி.

அக்கா எழுந்து கூட்டத்தை இடித்துக்கொண்டு போனாள். விளக்கு வெள்ளையானது. தங்கச்சிக்குப் பின்னால் யாரும் இல்லை. தரையில் மட்டும் ஈரம்.

“கெளம்பலாம். இப்பவே.”

வெளியே பனி நேற்றைவிடக் கெட்டியாக இருந்தது. வக்கீல் முன்னால், அடுத்து மாப்பிள்ளை, அடுத்து தங்கச்சி. அக்கா தங்கச்சியின் கோட்டை முதுகோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்தாள். வாய்க்கால் தண்ணீர் எங்கோ கல்லை நக்குகிற சத்தம். நாலு ஜோடிக் காலடிச் சத்தம்.

முதல் கம்பம். “ஒண்ணு.” “ரெண்டு.” கைதட்டல். “நாலு.”

இரண்டாவது கம்பம். “ஒண்ணு.” ஏப்பம் விட்டு, “ரெண்டு.” கைதட்டல். “நாலு.”

அப்புறம் பின்னாலிருந்து அவள் கோட்டைப் பிடித்தது.

இன்றைக்குக் கனம் அதிகம். ஈரம் துணியைத் தாண்டி முதுகுக்கு வந்தது. அக்கா திரும்பவில்லை. பல்லைக் கடித்தாள். முன்னால் இருக்கிற முதுகை மட்டும் பார். அது போதும். அவள் இருக்கிறாள். கையில் இருக்கிறாள்.

“அக்கா.”

பின்னாலிருந்து. காதுக்கு அருகே.

“அக்கா, நான் இங்க இருக்கேன். நீ யார் கோட்டப் பிடிச்சிருக்க?”

தங்கச்சியின் குரல். அவளுடையதேதான்.

கை தானாக விட்டது. சூடான இஸ்திரிப் பெட்டியில் பட்ட கை மாதிரி. ஒரு மூச்சு நேரம்தான். இடுப்புக்குப் பின்னால் இருந்த பிடியும் அந்த மூச்சில் போயிற்று. ஏதோ ஒன்று அவளை உரசிக்கொண்டு முன்னால் கடந்தது, காற்று மாதிரி. உடனே புத்தி வந்தது. தங்கச்சிக்குக் குரலே இல்லையே. மத்தியானத்திலிருந்து இல்லையே. பின்னால் இருந்தது அவள் இல்லை. முன்னால்தான் அவள். அக்கா பனிக்குள் கையை வீசினாள். துணி அகப்பட்டது. இறுக்கிப் பிடித்தாள்.

“நடங்க. வேகமா நடங்க.”

“கம்பம் வந்துருச்சு அக்கா, எண்ணணும்ல?”

“எண்ண வேணாம்.”

“சட்டம்னு ஒண்ணு...”

“நடடான்னு சொன்னேன்!”

நடந்தார்கள். ஓடினார்கள். பின்னால் கனம் இல்லை. குரல் இல்லை. விட்டுவிட்டது. தப்பித்தோம். தங்கச்சி எந்தக் கேள்வியும் கேட்காமல், தடுமாறாமல், பிடித்த பிடிக்குக் கூடவே வந்தாள். கோட்டு நனைந்திருந்தது. பனியில் நனையாமல் என்ன செய்யும்? அம்மாவிடம் நாளைக்கு முதல் வேலையாகப் பேச வேண்டும் என்று நினைத்தாள். அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் அம்மா என்று சொல்ல வேண்டும்.

வீடு. வாசல் இருட்டு. வக்கீல் சாவியைத் தேடித் திறந்தான். அக்கா எல்லாரையும் உள்ளே தள்ளினாள், கடைசியாகத் தான் நுழைந்தாள், கதவை அடித்து மூடித் தாழ்ப்பாள் போட்டாள். நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். மூட்டை இறக்கின முதுகு மாதிரி உடம்பு மிதந்தது. பின்னால் யாரோ விளக்கைப் போட்டார்கள்.

“ரொம்பப் பயந்துட்டியா அக்கா?” மாப்பிள்ளை சோபாவில் விழுந்து சிரித்தான்.

கதவைத் தட்டினார்கள்.

விரல் முட்டியால் இல்லை. உள்ளங்கையால். பட், பட், பட் என்று, நிற்காமல். கதவைத் தட்டுகிறவர்கள் ஏதாவது சொல்லுவார்கள். பெயரைச் சொல்லுவார்கள், திற என்பார்கள், திட்டவாவது செய்வார்கள். இந்தக் கை எதுவும் சொல்லவில்லை.

“தெறக்காத அக்கா” என்றாள் தங்கச்சி, முதுகுக்குப் பின்னால். கணீரென்று. “நாம நாலு பேரும் வந்தாச்சுல்ல.”

இவளுக்கு எப்போது தொண்டை சரியானது?

சோபாவில் மாப்பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தான். கால்களை மெல்ல மேலே இழுத்துக்கொண்டான்.

அக்காவின் கழுத்து திரும்பவில்லை. தாழ்ப்பாளின் மேல் கை இருந்தது, அசையவில்லை. சாக்கடை வாடை அவள் தோளுக்கு மேலே வந்து கன்னத்தில் மூச்சாக விழுந்தது.

கதவின் மேல் பாதி மங்கின கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் மஞ்சள் நிறமாக ஒன்று ஒட்டி நின்றது. இரண்டு உள்ளங்கைகள். நசுங்கின மூக்கு. அதற்குக் கீழே ஒரு வாய் திறந்தது, மூடியது, முழுவதுமாகத் திறந்தது. கண்ணாடியில் அதன் மூச்சு ஈரமாகப் படர்ந்தது. சத்தம் வரவில்லை.