சரியான நாளில் ஒரு படையல்

"அந்தக் காலத்துல நீங்க என்ன வேலை மாமா பாத்தீங்க?" கல்யாணமான புதிதில் மருமகள் கியோங்ரான் ஒருமுறை கேட்டாள். "அரசாங்க ஆபீஸ்லம்மா. ஃபைல் தூக்குற வேலை."

"ஃபைல் தூக்கியா கை இப்படிக் காய்ச்சுப்போச்சு!"

இருவரும் சிரித்தார்கள்.

இருபது வருடத்துக்குப் பிறகு, தென்கொரியாவின் சியோல் நகரத்து அடுக்குமாடி வீட்டில், அந்திநேரத்தில் மாமனார் பாங் தேஷிக்குக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மகன் வெளியூர் போயிருந்தான். பக்கவாதத்தில் கால் விழுந்தவர் சக்கர நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, மருமகள் தன் அப்பாவுக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் இன்றைக்கு ஏன்? அச்சகம் வைத்திருந்த அவள் அப்பா, ராணுவ ஆட்சியில் ஓர் இலையுதிர்காலத்தில் கொண்டுபோகப்பட்டவர். செத்த நாள் தெரியாததால், வீட்டைவிட்டுப் போன நாளில்தான் வருடா வருடம் படையல். இப்போதோ ஜன்னலுக்கு வெளியே செர்ரி பூத்திருந்தது. அவள் அப்பா உண்மையில் செத்தது இந்த வசந்தகால நாளில்தான் என்பதை அந்த வீட்டில் அறிந்த ஒரே ஆள் தேஷிக். தேர்தலும் சுதந்திரமும் வந்து, உண்மை அறியும் குழு கூப்பிட்டுக் கேட்டபோதும், "ஞாபகமில்லை" என்று சொல்லிவிட்டுப் பழைய சகாக்களின் காரில் வீடு திரும்பியவர்.

"இன்னிக்கு எதுக்கும்மா படையல்?"

"அப்பா கனவுல வந்தாரு மாமா. தப்பான நாள்ல சோறு போட்டு இத்தனை வருஷம் என்னைப் பட்டினி போட்டுட்டியேன்னாரு." சோற்றில் ஸ்பூனை நட்டு நிறுத்தினாள். "கடைசியில பக்கத்துல யாரு இருந்தாங்கன்னும் சொன்னாரு."

இறந்தவர் சாப்பிடும்போது எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்த வேண்டும். அவள் வெளியேறினாள். அவரைத் தள்ளிக்கொண்டு போகவில்லை.

"அம்மாடி, என்னை விட்டுட்டுப் போறியே!"

"நீங்க ரெண்டு பேரும் பழகினவங்கதானே மாமா."

கதவு சாத்திக்கொண்டது.

படையல் சமையலில் மிளகாய் சேர்ப்பதே இல்லை. இருந்தும் ஊதுபத்தி மணத்துக்கு அடியிலிருந்து, ஈரச் சிமெண்டும் மிளகாய்ப்பொடி கரைத்த தண்ணீருமாக, அவர் ஒருகாலத்தில் ஆட்களை விசாரித்த அந்த நிலவறையின் வாடை மெல்ல மெல்லக் கிளம்பி, அவர் சட்டைக்குள்ளும் மூச்சுக்குள்ளும் புகுந்து நிறைந்தது. தண்ணீர் சொட்டியது. குழாய் இல்லாத அறை.

கிண்ணத்தில் ஸ்பூன் உரசியது. மெல்லும் சத்தம். பசியோடு.

நின்றது.

பாயில் ஈரம். நகர்ந்தது. அவர் காலடியில் வந்து நின்றது.

"கதவைத் தெறம்மா!"

உள்ளே வரப்போவதற்கு அடையாளமாக, முறைப்படி, வெளியே அவள் மூன்று முறை இருமினாள். கதவு திறக்கவில்லை.

அவர் உதட்டருகே ஸ்பூன். அதில் சோறு இல்லை. கறுத்த ஈரமண். நாணல் வேர் ஒட்டிய மண். எந்த ஆற்றங்கரை மண் என்று அவருக்குத் தெரியும். குளிர்ந்த விரல்கள் தாடையைப் பிளந்தன. பல்லில் மண் நறநறத்தது. தொண்டையில் இறங்கியது. ஸ்பூன் மறுபடி நிறைந்து வந்தது.

கதவுக்கு அப்பால் கியோங்ரானின் குரல் உடைந்தது. சிறுமியாக இருந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த குரல்.

"எங்கப்பாவை எங்க பொதச்சீங்க மாமா? வாயத் தெறந்து சொல்லுங்க."