சிண்ட்ரே போட்ட உப்பு

வகுப்பறை மேசையில் தன் சோதனையை மூடியிருந்த துணியைத் தூருன் விலக்கினாள், திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

நேற்று மாலை வெளிர் தேநீர் நிறத்தில் ஒரே சீராகக் கலங்கியிருந்த கண்ணாடிக் குழாயில், இப்போது மேலே தெளிந்த நீர். அடியில் திட்டுத்திட்டாகக் களிமண்!

"என்ன காந்தக்காரி, உன் களிமண்ணு தூங்கிடுச்சா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டாள் ராக்னில்ட்.

வகுப்பே சிரித்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் களிமண் நீர் ஒளிவிடும் என்று தூருன் சொன்ன நாள்முதல் இதே கேலிதான். களிமண் என்ன இரும்பா? பன்னிரண்டு மணிக்கு வகுப்பின் சோதனைகளைப் பார்க்கப் பெற்றோர் வருவார்கள். அப்போது காட்டாவிட்டால் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவள் பெயர் புளுகுணிதான்.

சிண்ட்ரே மட்டும் சிரிக்கவில்லை. அவன் காதுகள் சிவந்திருந்தன.

"நீ ஏதாவது பண்ணினியாடா?" என்று அவனருகே சென்று மெல்லக் கேட்டாள் தூருன்.

"நல்லதுக்குத்தான் பண்ணேன். கலங்கலா இருந்துச்சேன்னு ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன்."

"உப்பா!"

"எங்க வீட்டுப் பின்னாடி மேடு சரியாம இருக்க மண்ணுக்குள்ள உப்புதானே இறக்கினாங்க? உப்புப் போட்டா களிமண்ணு கெட்டியாகும்னு ஊருக்கே தெரியும்!"

தூருனுக்குக் கோபம் பொங்கியது. ஆனால், அவன் கண்கள் நிறைந்துவிட்டன. அவன் சொன்னதிலும் பொய்யில்லை. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த களிமண்ணின் பழைய உப்பை மழை கழுவிக் கழுவித்தான் அவ்வூர் மேடுகள் குழம்பாகிச் சரிகின்றன.

மழை கழுவுமானால், நாம் கழுவக் கூடாதா?

"ஓடு, பனி அள்ளிட்டு வா. வாசல்ல அள்ளாதே, வழுக்காம இருக்க உப்புத் தூவியிருக்காங்க. பிர்ச் மரத்தடியில அள்ளு!"

பனியை உருக்கினார்கள். குழாயில் தெளிந்திருந்த உப்புநீரைக் கொட்டிவிட்டுப் பனிநீரை ஊற்றிக் குலுக்கினார்கள். களிமண் மறுபடியும் அடியில் தங்கியது. மீண்டும் கொட்டினார்கள், மீண்டும் ஊற்றினார்கள். சிண்ட்ரே நகத்தைக் கடித்தான். ஐந்தாம் முறை, எவ்வளவு நேரம் காத்திருந்தும் களிமண் கீழே இறங்கவே இல்லை.

பெற்றோர் கையில் ஜாம் தடவிய வாஃபிள் அப்பத்தோடு வந்து சூழ்ந்தனர். விளக்கின் முன்னே, ஒளியை ஒரே வாட்டத்தில் மட்டும் உள்ளே விடும் இரண்டு கறுப்பு வடிகட்டித் தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றன, நடுவில் குழாய். வெளிச்சம் துளிகூட வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் ராக்னில்ட்.

தூருன் கனமான காந்தத்தை சிண்ட்ரேயிடம் நீட்டினாள். "நீ வை."

"நானா? மறுபடியும் கெடுத்துட்டேன்னா?"

"வைடா."

வைத்தான். இருண்டிருந்த குழாயில் பொன்னிறம் சுடர்விட்டது!

"ஐயோ!" என்று கத்தியவர் ஆசிரியை பெரித். ஒரு தந்தையின் வாஃபிள் ஜாம் பக்கமாகத் தரையில் விழுந்தது. சிண்ட்ரே தானே பயந்து காந்தத்தை விலக்கினான், ஒளி அணைந்தது. வைத்தான், எரிந்தது.

"உள்ள பல்பு வச்சிருக்கியா?" ராக்னில்ட் பின்னாலிருந்து எம்பிப் பார்த்தாள்.

"இல்ல. தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத களிமண் தகடுங்க மிதக்குது. காந்தம் வந்ததும் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி, வெளிச்சத்தோட வாட்டத்தையும் மாத்திடுது. அதனாலதான் வெளிச்சம் ரெண்டாவது தாளையும் தாண்டி இந்தப் பக்கம் வருது."

ராக்னில்ட் முண்டியடித்துக்கொண்டு முன்னே வந்தாள். "குடு, நான் வைக்கிறேன்!"

"வரிசையில வா," என்றான் சிண்ட்ரே, காந்தத்தை மார்போடு அணைத்தபடி. "உனக்கு முன்னாடி டீச்சரே நிக்கிறாங்க!"