திரையில் தொலைந்த கிளி

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கிளி காணாமல் போனது.

அது பறந்து போகவில்லை. லேப்டாப் திரையில் இருந்த இடத்திலேயே இருந்தது. எப்சிபாவின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் வகுப்புத் தோழன் சுடலைராஜின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை!

தென்காசியில் எப்சிபாவின் அம்மா ஜெஸி தையல்கடை வைத்திருக்கிறார். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதில் கெட்டிக்காரர். எப்படித் தைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது எப்சிபாவின் வேலை. அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. துணியைப் போட்டோ எடுத்து ஏற்றினால் போதும். கட்டத்தைத் தொட்டால் துணி மாறும். இன்னொரு தரம் தொட்டால் மறுபடி மாறும்.

ஞாயிற்றுக்கிழமை சுடலைராஜின் தங்கச்சிப் பாப்பாவைத் தொட்டிலில் போடுகிறார்கள். சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பழைய சேலை கொடுத்திருந்தார்கள். அந்தச் சேலைகளில் தைத்த போர்வையில்தான் பாப்பா படுக்க வேண்டும். அது அவர்கள் வீட்டு வழக்கம். நடுவில் வரப்போகும் கிளியை நோட்டில் வரைந்தது சுடலைராஜ். அதைக் கட்டம் கட்டமாக மாற்றியது எப்சிபா.

“நல்லாருக்கால?” என்று கேட்டாள்.

“சூப்பர்.”

“மூக்கு சரியா வந்துருக்கா?”

“ம்ம். இந்தா, நல்லா வளைஞ்சு இருக்கு” என்று விரலை வைத்தான்.

எப்சிபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏலே, அது வாலு!”

சுடலைராஜ் சிரிக்கவில்லை. எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு சாரலில் இறங்கி நடந்தான்.

எப்சிபாவுக்குச் சிரிப்பு நின்றது. ஓடிப் போய், பூட்டியிருந்த ஜெராக்ஸ் கடை வாசலில் அவனைப் பிடித்தாள்.

“என்னல ஆச்சு?”

அவன் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு பேசினான். “யாருட்டயும் சொல்லிராத. எனக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். பச்சைக் கிளிய செவப்புல வச்சிருக்க. நான் எங்கன போய்த் தேட?”

“அப்போ மேப்புக்குக் கலர் அடிக்கும்போது என்ன செய்வ?”

“பென்சில்ல பேரு போட்டிருக்கும்லா. வாசிச்சு எடுப்பேன்.”

“சீவிச் சீவி பேரு போயிட்டுன்னா?”

“அதுக்குத்தான் நீ இருக்கியே. ‘எப்சி, பச்சைய எடு’ன்னு கேப்பேன்.”

வருஷம் முழுக்க அப்படித்தான் கேட்டிருக்கிறான். ‘சரியான சோம்பேறி’ என்று அவள் திட்டியும் இருக்கிறாள். எப்சிபாவுக்கு என்னவோ போல் இருந்தது.

“பாப்பாக்கு நான் குடுக்கப் போறது அது. எனக்கே தெரியலன்னா எப்படிட்டி?” என்றான்.

“வா. மாத்துவோம். அம்மா அஞ்சு மணிக்குத் துணி வெட்டிருவாங்க.”

கத்தரி இறங்கிவிட்டால் அவ்வளவுதான். இருந்தது அரை மணி நேரம்!

“பச்சைய எடுத்துருவோமா?” என்று கேட்டாள்.

“ஐயையோ! அது செண்பகவல்லி அத்தை சேலை. அது இல்லன்னா அத்தை மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு நிப்பா. செவப்பு பெரியம்மா சேலை. ரெண்டுல எத எடுத்தாலும் சண்டைதான்.”

எப்சிபா நகத்தைக் கடித்தாள். திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டும். இதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை. தொட்டாள்.

கிளியைக் காணோம்! கிளியும் அதைச் சுற்றியிருந்த சேலையும் ஒரே சாம்பல் நிறம்.

“ஏலே, எனக்கும் காணோம்! உனக்கு இப்படித்தான் தெரியுமா?”

“இல்லட்டி. நீலமும் மஞ்சளும் எனக்கு ஜோராத் தெரியும். உன் ரிப்பனு மஞ்சள்தான?”

“ஆமா!”

“பொறவு?”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எப்சிபா வேலையில் இறங்கினாள். கிளியைச் சுற்றி அடர்நீலம் வைத்தாள். அது சுடலைராஜின் அம்மா சேலை. கறுப்பு வெள்ளையில் பார்த்தால் ஒரே இருட்டு. வாசுதேவநல்லூர் சித்தியின் மஞ்சள் சேலையை வைத்தாள். பொத்தானைத் தொட்டாள்.

வெளிச்சத்தின் நடுவே கிளி உட்கார்ந்திருந்தது!

நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். “இப்போ?”

சுடலைராஜ் திரையில் மூக்கு முட்டப் பார்த்தான். “வந்துட்டு! எட்டி, வந்துட்டு! கண்ணு, றெக்கை, எல்லாம் தெரியுது!”

சிவப்பு நாலு ஓரத்துக்கும் போனது. நீலம் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே வாய்க்கால் மாதிரி ஓடியது. ஒரு சேலையும் விடுபடவில்லை.

ஜெஸி கத்தரியோடு வந்து குனிந்து பார்த்தார்.

“ஏட்டி, நேத்து நடுவுல செவப்புல்லா இருந்துச்சு? யாரு மாத்துனா?”

சுடலைராஜ் எப்சிபாவைப் பார்த்தான். மூச்சே விடவில்லை.

“ரெண்டு பேரும்தாம்மா. மஞ்சள்லதான் கிளி எடுப்பா இருக்கு.”

ஜெஸி இரண்டடி பின்னால் போனார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “அட, ஆமா! நேத்து ஏன் எனக்குத் தோணல?”

கத்தரி துணியில் இறங்கியது. சுடலைராஜ் மூச்சை விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். செண்பகவல்லி அத்தை முண்டியடித்து முன்னால் வந்தாள்.

“எஞ் சேலை கிளியாயிட்டு! பாத்துக்கிடுங்க!”

“நாலு பக்கமும் எஞ் சேலைதான். உன் கிளிக்கு வேலி போட்டிருக்கேன்” என்றாள் பெரியம்மா.

பாப்பா கிளி மேல் படுத்தாள். கொட்டாவி விட்டாள். ஐந்தே நிமிடத்தில் போர்வையை நனைத்தும் விட்டாள்.

மறுநாள் சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடம் விட்டு எப்சிபாவோடு வந்துகொண்டிருந்த சுடலைராஜ் தெருமுனையில் சட்டென்று நின்றான். அவன் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் துவைத்த போர்வை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“எப்சி! கிளி இங்கனருந்தே தெரியுதுட்டி!” என்று கத்திக்கொண்டே ஓடினான்.