நடக்காத கல்யாணத்தின் பத்திரிகை

"ஏனுங்க, அந்தப் பத்திரிகையத் திருப்பிக் குடுத்துருங்க..."

நாலாவது நாளாக அதே ஆள், அதே பேச்சு! அன்புச்செல்விக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பீளமேட்டு நூலகத்துக்கு நூலகராக வந்த நாளிலிருந்து அவள் கட்டிக்கொண்டு அழும் வேலை இது. ஊர் வரலாற்றுக்காகப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்க்கிறாள். மூடிப்போன மில், காணாமல் போன சந்து, யாருக்கு யார் மாமன் மச்சான்... எல்லாம் அதில்தானே அச்சாகிக் கிடக்கிறது! ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. எதிரே நிற்கும் இந்த மிதுனின் அம்மா, வீட்டிலிருந்த பத்திரிகைகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் மகனுடையதும் இருந்து தொலைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் அச்சடித்து, ஊரெல்லாம் கொடுத்து, கடைசியில் நின்றுபோன கல்யாணம்.

"பதிவேட்டுல ஏத்தியாச்சுங்க. ஒருக்கா ஏத்திட்டா எடுக்கறதுக்கில்ல. எத்தன தடவைங்க சொல்றது?"

"நடக்காத கல்யாணம் எப்படிங்க வரலாறாகும்?"

"அச்சடிச்சது நெசந்தானுங்களே! வேணும்னா நின்ன காரணத்த எழுதிக் குடுங்க, பக்கத்துலயே ஒட்டி வெக்கறேன்."

அவன் முகம் வாடிப்போனது. பம்ப் கம்பெனிச் சட்டையெல்லாம் மழைத்துளி... பெரிய, அமைதியான கண்கள்... சீ, கண்ணைப் பார்த்து ஏமாறுகிற ஆளா நான்? இவருக்கு மானம் போகிறதாம், அதற்கு என் வேலை கெட வேண்டுமாம்!

"காரணம் என்னோடது மட்டுமில்லீங்க. எழுத முடியாது."

சொல்லிவிட்டுக் கொட்டும் மழையில் விறுவிறுவென்று இறங்கிப் போனான். குடையை மேசையிலேயே விட்டுவிட்டு! என்ன மனுஷனோ...

சனிக்கிழமை மாலை, பலகையில் பத்திரிகைகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் வந்து நின்றான்.

"குடைக்கு வந்தீங்களா?"

"பத்திரிகைக்குங்க."

பசை டப்பாவை ணங்கென்று வைத்தாள். "அப்படியென்னங்க உங்களுக்கு அவமானம்?"

"எனக்கொண்ணுமில்லீங்க... அதுல பேரு இருக்கற புள்ளைக்குத்தான். அதுக்கு வேற ஒருத்தரப் புடிச்சிருந்துச்சு. எங்கிட்ட வந்து அழுதுச்சு, நானே வேண்டாம்னு நிறுத்திப்போட்டேன். ஊரு என்னையத் திட்டுச்சு, திட்டட்டுமுங்க. இப்ப அவிநாசியில அவரையே கட்டிக்கிட்டு நல்லாருக்குது. மாமியாரூட்டுல இது தெரியாது. நாளைக்கு அவங்க சொந்தம் யாராச்சும் இதப் பாத்துப்போட்டா?"

அன்புச்செல்விக்கு என்னவோ போலாகிவிட்டது. யாருக்காகவோ இரண்டு வருடம் பழி சுமந்த மனிதனை, ஒரு வாரமாக என்ன பாடு படுத்திவிட்டேன்!

"இத மொதல் நாளே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"நீங்க எங்கீங்க பேச விட்டீங்க?"

பலகையிலிருந்து கிழியாமல் பிரித்தெடுத்தாள். பதிவேட்டில் முதல்முறையாக ஒரு வரியை அடித்தாள். பத்திரிகையை நீட்டியபோது விரல்கள் லேசாக உரசின... இரண்டு பேருமே எங்கேயோ பார்த்தார்கள். அவன் குடையை அன்றைக்கும் மறந்துவிட்டுப் போனான்.

கண்காட்சிக்கு நல்ல கூட்டம். வாசலில் நிழலாடும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். வர வேண்டாம் என்ற நாளெல்லாம் வந்தவன், வந்தால் தேவலை என்ற நாளில் வரவில்லை!

மறுநாள் சாவகாசமாக வந்தான்.

"ஏனுங்க..."

"இன்னும் என்னத்தங்க எடுக்கோணும்?"

"எடுக்க வரலீங்க. குடுக்க வந்தேன். ஒரு பத்திரிகை."

"எங்க?"

"இன்னும் அச்சடிக்கலீங்க..." அவன் காது மடல் சிவந்தது. "பொண்ணு பேரு எழுதற எடத்துல... உங்க பேரப் போட்டுக்கலாமுங்களா?"

அன்புச்செல்வியின் கையிலிருந்த பேனா உருண்டு ஓடியது. இதைக் கேட்க வேண்டிய இடமா இது? ரெண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

"ஒருக்கா ஏத்திட்டா..."

"எடுக்க முடியாது. தெரிஞ்சுதானுங்க அம்மணி கேக்கறேன்."

வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. அவன் மேசையைச் சுற்றித் தேடினான்.

"என் குடைங்க?"

"எங்கூட்டுல இருக்குது. திருப்பித் தரமாட்டேன்." இதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எனக்கும் உங்களப் புடிச்சுப்போச்சுங்க... போதுமா?"