இடக்கன்னத்து வெண்படலம்

மேலைக்கரை மூங்கிற்காட்டுக்குப் பின்னே கதிரவன் மறைந்து, கீழ்வானில் எழுந்த முழுநிலவு வெள்ளாற்று நீரில் பாலைச் சொரிந்துகொண்டிருந்த வேளையில், கருவேலங்கோட்டைக் காவற்கூடத்தில் ஒரு மனிதனின் உயிர் அவனுடைய வாய்க்குள் இருந்தது. புதிர் போடுகிறேன் என்று கோபிக்காதீர்கள், வாசகர்களே. பிடிபட்ட சடைமுடித் துறவியின் இடக்கன்னத்தின் உட்புறம் வெண்படலம் படர்ந்திருந்தது. அதைக் கண்ட கோட்டைத் தலைவர் வல்லபராயர், அரண்மனை மருத்துவச்சி உமையம்மையை வரவழைத்திருந்தார்.

"அம்மையே, வெற்றிலையைத் தொட்டதே இல்லை என்கிறான் இவன். இது பட்டினியில் பூத்த அக்கரம் என்னும் வாய்நோயானால் விட்டுவிடுகிறேன். பாக்கும் சுண்ணாம்பும் அடக்கி வந்ததானால் இவன் பொய்த்துறவி, பகைவரின் ஒற்றன், விடிந்தால் கழுமரம்."

"அக்கரமானால் துடைத்தால் எடுபடும், பிரபு. வெற்றிலைப் படலம் எடுபடாது" என்றாள் உமையம்மை.

விரலில் துணி சுற்றித் துடைத்தாள். படலம் அசையவில்லை. கடைவாய்ப் பல்லருகே இருந்த அந்த மூலை அவளுக்குத் தெரியும். ஏழாண்டுகளுக்கு முன், அவள் மடித்துக் கொடுத்த வெற்றிலையை அங்கே அடக்கியபடி காதல் பேசி, கோட்டையின் சுரங்க வழியைத் தெரிந்துகொண்டு, மணநாளுக்கு முதல்நாள் இரவு மறைந்தவன் ஒருவன்தான். சடையும் சாம்பலும் முகத்தை மறைக்கலாம். பழக்கத்தை எதைக்கொண்டு மறைப்பது? அவள் நெஞ்சு பற்றி எரிந்தது. ஆனாலும் அந்த விரல் பட்டினியால் அவன் நாவில் மாவுபோல் படிந்திருந்த வெள்ளையை வழித்து எடுத்தது. பேதை என்று ஏசுங்கள், நானும் ஏசிவிட்டேன்.

வெள்ளை படிந்த துணியைத் தலைவரிடம் நீட்டி, "எடுபட்டது. அக்கரந்தான்" என்றாள்.

விலங்கை அவிழ்க்கச் சொல்லிவிட்டு வல்லபராயர் வெளியேறினார்.

"உமை, இன்னும் என்மேல்..." என்று தொடங்கினான் துறவி.

"மருத்துவம் மட்டும் கேளும், தென்னவதரையரே. வெற்றிலை பாக்கை இன்றே விட்டால் படலம் மறையக்கூடும். விடாவிட்டால் தடித்துப் புற்றாகலாம். வாய் திறக்க முடியாமல் பட்டினி கிடந்து சாவீர். கழுமரம் அதைவிட இரக்கமுள்ளது. என்னை ஒரே இரவில் விட்டீர். இதையும் விட்டுப் பாரும்."

"உன்மேல் ஆணை. இனித் தொடமாட்டேன்."

சற்று நேரத்தில் அவள் மதில்மேல் நின்று பார்த்தாள். அவனை ஏற்றிச் சென்ற ஓடம் நடு ஆற்றை எட்டியிருந்தது. துறவி ஓடக்காரனிடம் கை நீட்டியதும், வாங்கியதை இடக்கன்னத்தில் அடக்கிக்கொண்டதும் நிலவொளியில் தெளிவாகத் தெரிந்தன.

ஏழாண்டுகளுக்கு முன்பும் அவள்மேல்தான் அவன் ஆணையிட்டிருந்தான்.