புள்ளி புள்ளியாய் ஒரு வெளிச்சம்

“ஏங்க, போன் பண்ணலாமான்னு எவ்வளவு நேரமா கையைக் காட்டிட்டு நிக்கிறேன்...”

“கையைக் காட்டினா எனக்கு எப்படித் தெரியும்? கண்ணு தெரியாதுங்க. வாயைத் திறந்து கேளுங்க.”

வந்தவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தான். தகரக் கூரையில் மழை கொட்டியது.

பெருமாள்மலை முக்கில் சுதாராணியின் எஸ்.டி.டி. பூத். யார் யாரோ வந்து யார் யாரிடமோ உருகுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற இவளுக்குத்தான் நெஞ்சு வலிக்கும். மாலைக்கண்ணில் ஆரம்பித்துப் பார்வை முழுக்கப் போனதிலிருந்து தனிமை பழகிவிட்டது... பழகிவிட்டதாக நினைத்திருந்தாள்.

அவன் பெங்களூருக்குப் பேசினான். “சிப் இன்னும் சூடாகுது. கரண்டைக் குறைங்க. விழித்திரை வெந்துடும்.”

“விழித்திரையா?” அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஆமாங்க. கேமரா பாக்குறதை அந்தச் சிப் கரண்டாக்கி விழித்திரையைத் தூண்டும். வெளிச்சம் புள்ளி புள்ளியா தெரியும். இன்னும் லேப்லதான் இருக்கு.”

வழியில் மரம் விழுந்து அவன் வந்த பஸ் நின்றிருந்தது. பெயர் பிரதீப் என்றான்; அவளும் தன் பெயரைச் சொன்னாள். ஊரில் பேச ஆளில்லாமல் லீவு போட்டுத் தனியாக மலையேறி வந்தவனாம்.

“நல்லாத்தான் கதைக்கிறீங்க.”

“கதைக்கிறீங்களா?”

“பேசுறீங்கன்னு அர்த்தம். எங்க வீட்டுப் பேச்சு. அப்பா இலங்கையில கண்டித் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்தவரு.”

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று... அந்தக் குரலின் சொந்தக்காரன் போய்விடக்கூடாதே என்று இருந்தது.

அவனே கெடுத்துக்கொண்டான். “உங்க கண்ணு ரிப்போர்ட் இருந்தா குடுங்களேன். பின்னாடி சிப்பை ஆளுங்களுக்கு வச்சுப் பாக்குற ட்ரையல் வரும்போது...”

ஓ... இதற்குத்தானா இத்தனை பேச்சும்?

“பஸ் ஹாரன் அடிக்குது. வெரசா போங்க.”

போய்விட்டான். அதன்பிறகு எந்தக் குரலும் அவள் மனதில் ஒட்டவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மழை, அதே குரல்.

“எந்த ஊருக்குங்க போன்?”

“போன் இல்லைங்க. பொண்ணு பாக்க வந்தேன்.”

“வந்து பாத்தவங்க எல்லாரும் ஊருக்குப் போய் சொல்றோம்னுதான் போனாங்க. நீங்க பொண்ணைப் பாக்குறீங்களா, கேஸைப் பாக்குறீங்களா?”

“ரிப்போர்ட் கேட்டது தப்புதான். அந்தச் சிப் கடைசிவரைக்கும் வேலை செய்யலைன்னாலும்... எனக்கு நீங்க வேணும் சுதா.”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“நீங்க மட்டும் பாத்தா ஆச்சா? நானும் மாப்பிள்ளை பாக்கணும். கிட்ட வாங்க.”

விரல்கள் தயங்கித் தயங்கி அவன் நெற்றியைத் தொட்டன. புருவம், மூக்கு... கன்னத்தில் ஈரம்.

“அழுறீங்களா?”

“இல்லைங்க... மழை.”

“பொய் சொல்லாதீங்க. எங்க ஊரு மழை இவ்வளவு சூடா இருக்காது.”