கோமதிநாயகத்தின் சார்வாக்கி

கரை விலகல் மசோதா ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியபோது, அதற்கு ‘ஆம்’ சொன்ன நாடாளுமன்ற உறுப்பினர் கோமதிநாயகம் தலைநகரிலேயே இல்லை. சங்குமுனைக் கடற்கரையில், மீன் ஏலம் விடும் அமலோற்பவத்தின் அப்பாவுடைய சவப்பெட்டியைத் தோளில் தாங்கி, மணலில் கால் புதையப் புதைய நடந்துகொண்டிருந்தார். தலைநகரில் அவருடைய இருக்கையில் சார்வாக்கி இருந்தது.

அவையில் அப்போது எல்லா இருக்கைகளிலும் சார்வாக்கிகள்தான். தேங்காய் அளவில் ஒரு கறுப்புப் பொறி. நெற்றியில் பச்சை விளக்கு. ஓர் உறுப்பினர் அதுவரை போட்ட வாக்குகள், பேசிய பேச்சுகள், தொலைபேசியில் சிரித்தது, தயங்கியது, மழுப்பியது அத்தனையையும் கற்றுக்கொண்டு, அவர் நேரில் இருந்தால் என்ன செய்வாரோ அதை அப்படியே செய்யும். தொகுதிப் பக்கமே வருவதில்லை என்று மக்களும், அவைப் பக்கமே வருவதில்லை என்று பத்திரிகைகளும் மாறி மாறித் திட்டிய காலத்தை இந்தப் பொறி ஒழித்துக்கட்டியது. எல்லோருக்கும் முழு வருகைப் பதிவு. எல்லோரும் ஊரில்.

அந்தப் பொறியால் கோமதிநாயகம் போல் பலன் அடைந்தவர் யாருமில்லை. கல்யாணம், காதுகுத்து, சாவு, கோயில் கொடை, மாதா தேர் எதையும் அவர் விட்டதில்லை. தொகுதியே அவரை அண்ணாச்சி என்றது.

ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன்னால் உறுப்பினரின் கைப்பேசிக்குச் சார்வாக்கி ஓர் அறிவிப்பு அனுப்பும். ‘மறுக்கிறேன்’ என்று பதில் போனால் அது தன் வாக்கை மாற்றிக்கொள்ளும். பதில் இல்லையென்றால் சம்மதம். அன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் அவருடைய சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. என்ன மசோதா என்று அவருக்குத் தெரியும். கடலரிப்பு மிகுந்த கரைகளில் இனி அரசு கல் கொட்டாது, அங்கிருக்கும் மக்கள் உள்நாட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அதன் சாரம். சங்குமுனையின் தூண்டில் வளைவு, கடலைத் தடுத்து நிறுத்திய அந்தக் கற்சுவர், ஏற்கெனவே பாதி சரிந்து கிடந்தது. பெட்டியைத் தாங்காத கையால் அவர் சட்டைப்பையை அழுத்திப் பிடித்தார். அதிர்வு நின்றது. சாவு வீட்டில் போனை எடுப்பது மரியாதையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியதையும் அவர் கவனிக்காமல் இல்லை.

அப்பாவின் காரியங்கள் முடிந்ததும் அமலோற்பவம் அவர் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“அண்ணாச்சி, நீங்க எங்கப்பாவ இங்க தூக்கிட்டு வாரீய. அங்க யாரு உங்க பேர்ல கையத் தூக்குனது?”

“சார்வாக்கிம்மா. அது...”

“அது தப்பாப் போட்டுருச்சின்னு ஊர்ல பேசிக்கிடுதாவ. நீங்க போட்டிருக்க மாட்டீயன்னு எனக்குத் தெரியாதா? எங்கப்பா மண்ணுக்குள்ள போறப்ப கண்ணீர் விட்ட மனுசன்லா நீங்க!”

கோமதிநாயகம் மேசையைப் பார்த்தார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் அவரை வதைத்தது.

“தப்பா போட்டிருந்தா அதை ரத்து பண்ண வழி இருக்காமே. வக்கீல் சொன்னாரு. உங்க ஒரு ஓட்டுதான வித்தியாசம்?”

வழி இருந்தது. அதற்கு முரண்மனு என்று பெயர். சார்வாக்கி என் மனத்துக்கு மாறாக வாக்களித்தது என்று உறுப்பினர் ஆணையத்தின் முன் சத்தியம் செய்தால் போதும், வாக்கு செல்லாது. வாக்குகள் சமமானால் மசோதா விழுந்துவிடும். சார்வாக்கியையும் விசாரிப்பார்கள். ஆனால் பொறியின் சாட்சியைவிட மனிதனின் சத்தியமே மேல் என்று சட்டம் எழுதியவர்கள் ஒரு பெருந்தன்மையில் எழுதி வைத்திருந்தார்கள்.

“போடுதேன்மா” என்றார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மனு போன அன்றே கட்சியின் கொறடா வைகுந்தராமன் அழைத்தார். கோபமே இல்லாத குரல். “மனு போடுறது உங்க உரிமை, கோமதிநாயகம். ஆனா ‘இல்லை’ன்னு போட்டிருப்பேன்னு சத்தியம் பண்ணினா, கொறடா உத்தரவை மீறியிருப்பேன்னு சத்தியம் பண்றதா அர்த்தம். அடுத்த தேர்தல்ல கட்சிக்கு வேற ஆள் பார்க்க வேண்டியதுதான். யோசிச்சுக்குங்க.”

விசாரணைக்கு அமலோற்பவமும் ஊர்க்காரர்கள் சிலரும் ரயிலேறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆணையத்தின் தலைவியான ஓய்வுபெற்ற நீதிபதி, முதலில் சார்வாக்கியைக் கேட்டார்.

“உறுப்பினர் அன்னைக்கு அவையில இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பார்?”

“ஆம்னு போட்டிருப்பார்” என்றது சார்வாக்கி. அது கோமதிநாயகத்தின் குரலிலேயே பேசியது. தன் குரல் எவ்வளவு இதமானது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. “எத்தனையோ மசோதாக்களை அவர் மேடையில எதிர்த்திருக்கார். கொறடா உத்தரவு வந்த பிறகு ஒண்ணைக்கூட அவையில எதிர்த்ததில்லை.”

“மறுக்க வாய்ப்புக் கொடுத்தியா?”

“கொடுத்தேன். கைப்பேசி அவர்கிட்டதான் இருந்தது. அதிர்வு அடங்குற மாதிரி ஒரு கை அதை அழுத்திப் பிடிச்சது பதிவாகியிருக்கு.”

நீதிபதி கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“பொறி சொல்றது ஒரு சாட்சிதான். முடிவு உங்க வார்த்தை. சத்தியமா சொல்லுங்க. நேர்ல இருந்திருந்தா ‘இல்லை’ன்னு போட்டிருப்பீங்களா?”

ஒரே ஒரு சொல். ‘ஆமாம், இல்லை என்றுதான் போட்டிருப்பேன்’ என்றால் சட்டம் விழும், சங்குமுனைக்குக் கல் வரும், அவருடைய பதவி போகும். கோமதிநாயகம் எழுந்து நின்றார். சத்தியம் செய்துவிட்டு எப்படிப் பொய் சொல்வது என்று நினைத்தார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா என்றும் நினைத்தார். அந்த நினைப்பு அத்தனை சுலபமாக, அத்தனை அழகாக வந்து உதவியது.

“பொறி சொன்னது சரிதான்” என்றார். “நான் ஆம்னுதான் போட்டிருப்பேன்.”

வெளியே நடைக்கூடத்தில் கொறடா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நேர்மையான மனுஷன்யா நீங்க!” அவர் போகட்டும் என்று காத்திருந்து அமலோற்பவம் கிட்டே வந்தாள். அவள் அழவில்லை.

“ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி.”

“சத்தியம் பண்ணிட்டேன்மா...”

“எங்கப்பா சாவுல மைக்கப் புடிச்சி, தானும் குடிச்சி, நாலு பேருக்கு ஊத்தியும் கெடுத்த மனுசன, குடிக்கவே தெரியாத உத்தமருன்னு சொன்னீய. அது எங்களுக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சி தெரியுமா? பொய் சொல்லத் தெரியாதவரா நீங்க?”

தான் உண்மையைச் சொன்னது உண்மைக்காகவா, பதவிக்காகவா என்று அன்று இரவு கோமதிநாயகம் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். பிரித்தெடுக்க முடியவில்லை. சார்வாக்கியிடம் கேட்டால் சொல்லும். கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தொடரில் அவர் தன் இருக்கையிலிருந்து சார்வாக்கியை எடுத்துக் கட்சி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, தானே போய் அமர்ந்தார். அத்தனை பெரிய அவையில் மூச்சு விடுகிற ஆள் அவர் ஒருவர்தான். மசோதாக்களை வரிவரியாகப் படித்தார். கண்ணாடியின் பவர் கூடியது. தூண்டில் வளைவுகளுக்கு விலக்குக் கேட்டு ஒரு திருத்தம் கொண்டுவந்து, தொண்டை வறளப் பேசினார். அலை எப்படி வீட்டுக் கொல்லையில் ஏறுகிறது, உப்பு எப்படிச் சுவரைத் தின்கிறது என்றெல்லாம் சொன்னார். பச்சை விளக்குகள் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்துகொண்டன. பேச்சைக் கேட்டு மனம் மாறும் வழக்கம் அவற்றின் எஜமானர்கள் யாருக்கும் இருந்ததில்லை. ஆகவே பொறிகளும் மாறவில்லை. திருத்தம் தோற்றது. ‘ஆம்’ பக்கம் ஒரே வாக்கு. கொறடா உத்தரவை மீறிய முதல் வாக்கு அதுதான். பிறகு இன்னும் சிலமுறை மீறினார்.

கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்றார். வாக்குக் கேட்டுப் போன ஊரிலெல்லாம் ஒரே பேச்சு. “எங்க பக்கமே வரலியே அண்ணாச்சி. எங்க மாமா செத்ததுக்கு ஒரு மாலை போடலியே. அங்க போய் உக்காந்து என்ன பண்ணீய?” பண்ணியதைச் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வைப்புத்தொகையும் போய்விட்டது.

சங்குமுனை கடலுக்குள் போனபின், ஊர்க்காரர்களைக் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, கரிசல்காட்டில் ஒரு குடியிருப்பில் வைத்தார்கள். அமலோற்பவத்தின் மகனுடைய கல்யாணம் அங்கே நடந்தது. அவருக்கும் அழைப்பு வந்தது. அவர் எதிர்பார்க்கவில்லை.

பந்தலில் அமலோற்பவம் பழைய மாதிரியே “வாங்கண்ணாச்சி” என்றாள். “நான் உங்களுக்குப் போடல. தப்பா நினைக்காதீய” என்றாள். “புது ஆளு எங்க கொழுந்தனாருக்கு முடியாம கிடந்தப்ப ஆஸ்பத்திரியிலயே ராப்பகலா நின்னாரு. மனசு கேக்கல.”

“நீ செஞ்சது சரிதாம்மா” என்றார். கோமதிநாயகத்தால் அவளைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த மனசை வளர்த்துவிட்டவரே அவர்தானே.

புது உறுப்பினர் இளஞ்சேட்சென்னி பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு தானே சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். நல்ல முகம். பழையவரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கையைப் பற்றிக்கொண்டான்.

“அண்ணாச்சி, உங்களுக்கு நன்றி சொல்லணும்னே இருந்தேன். எனக்கு முன்னப்பின்ன அவையில ஓட்டுப் போட்ட அனுபவமே கிடையாது. சார்வாக்கி கத்துக்கிட ஒண்ணுமில்ல. அதனால கட்சியில உங்களோட பழைய பொறியவே என் சீட்டுல வெச்சிட்டாவ. நீங்க அவைக்குப் போக ஆரம்பிச்சதுக்கு முந்தின நாள் வரைக்கும் உள்ளது. அருமையா ஓடுது. ஒரு குறை கிடையாது.”

கோமதிநாயகம் தன் கையை விடுவித்துக்கொண்டார். கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த சமயம்.

“இன்னைக்கு அவையில என்ன மசோதா தம்பி?”

இளஞ்சேட்சென்னி வெள்ளந்தியாகச் சிரித்தான்.

“எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? ஓட்டுப் போடுறது நீங்கல்லா!”